இருமலுக்குக் கிடைத்த முட்டை

கொலை முயற்சி வழக்கு என்றதும் ஆள் பயங்கரமானவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுதம் இளநீர். மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் என் தள்ளுவண்டிமேல் காரை இடித்துவிட்டு, அறுபத்துமூன்று வயசுக்காரனான என்னையே வாடா போடா என்றான் ஒருத்தன். கையிலிருந்ததை வீசினேன். கண்ணாடி போனது. கார்க்காரனுக்குப் பெரிய இடத்தில் மாமன் இருந்தான், எனக்கு உலகநாதன் என்கிற பெயர் மட்டும்தான் இருந்தது. சாட்சிப் பொருளாக எடுத்துப்போன இளநீரை ஸ்டேஷனில் யாரோ வெட்டிக் குடித்துவிட்டார்களாம். அதற்குக்கூட விடுதலை கிடைத்தது, எனக்கு ஜாமீன் கிடைக்கவில்லை.

எந்தச் சிறை என்று சொல்ல மாட்டேன். செங்கல்பட்டிலிருந்து டவுன் பஸ் போகிற தூரம், அவ்வளவுதான். அங்கே நான் ராஜா. காரணம் என் இருமல்.

ஒரு தரம் இருமினால் வார்டர் ஓடி வருவார். இரண்டு தரம் இருமினால் ஹெட் வார்டர் கேசவன் வருவார். மூன்றாவதற்கு ஜெயிலர் சரவணகுமாரே மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து நிற்பார். ஷிஃப்ட் மாறும்போது கைதிகளை எண்ணி ஒப்படைப்பார்கள். என்னை எண்ணினால் மட்டும் போதாது, பேசவைத்தும் பார்க்க வேண்டும். "பெருசு நல்லாப் பேசுது பாத்துக்கோ, என் ஷிஃப்டுல ஒண்ணும் ஆவல" என்பார் ஒருவர். மற்றவர் பழைய பைக் வாங்க வந்தவர் மாதிரி என்னைச் சுற்றிவந்து பார்ப்பார். தினம் ஒரு டம்ளர் பால், ஒரு அவித்த முட்டை, ஃபேனுக்கு நேர் கீழே படுக்கை.

என்மேல் பாசம் ஒன்றும் இல்லை. போன ஐப்பசியில் நெம்மேலிக்காரன் ஜெயக்குமார் உள்ளேயே செத்துப்போனான். முப்பத்தொரு வயசு. மேஜிஸ்ட்ரேட் விசாரணை வந்தது, இரண்டு வார்டர்களைத் தெற்கே எங்கேயோ தூக்கிப் போட்டார்கள். அதற்கப்புறம் இன்னொரு சாவு தங்கள் ஷிஃப்டில் விழுந்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் நடுக்கம். நானும் தேவைக்கு மேலேயே கொஞ்சம் இருமிக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. எனக்கு இதயப் பரிசோதனை. கைதி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் வழிக்காவல் போலீஸ் வண்டியோடு வர வேண்டும், காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஏறலாம். அன்றைக்கு என் பெயர். தலையைப் படிய வாரி, பவுடர் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை பன்னை நினைத்தபடி கேட்டுக்கு வந்தேன்.

அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் ஏசுதாஸ். ஃபிரிட்ஜ் மெக்கானிக், அணுபுரம் குவார்ட்டர்ஸ் ஃபிரிட்ஜ்களில் பாதி அவன் கைபட்டதுதான். மச்சானை அடித்த கேஸில் வந்தவன். முன்னே ஒரு தரம், ஆஸ்பத்திரியில் பெண்டாட்டி ரேணுகாவைப் பார்க்கலாம் என்று பல்வலி நாடகம் போட்டு, நல்ல பல் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு வந்தான்.

"நைனா, எடது கையி இன்னாவோ மாரி கீது" என்றான்.

"இந்த வாட்டி எந்தப் பல்லுடா?" என்றார் கேசவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். துண்டு பிழியலாம் போல நனைந்திருந்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜெயக்குமாரும் அப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கும் கேட்டில் ஒரு வண்டி நின்றது. அதுவும் எனக்காக வந்த வண்டிதான், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட. "வலிக்குது சார், வலிக்குது சார்" என்று அவன் சொல்லச் சொல்ல, "அவனுக்கு வாயு, நீ ஏறு பெருசு" என்று கேசவன் கதவைத் திறந்தார். நான் அவன் காலைத் தாண்டிப் போய் ஏறினேன். மருந்து விட்டுக்கொண்டேன், பன் தின்றேன், திரும்பி வந்தால் அவன்மேல் போர்வை மூடியிருந்தது. விசாரணையில் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். "கண்ல மருந்து வுட்டுகினு இருந்தேன், ஒண்ணும் தெர்ல" என்றேன். மருந்து விட்டது அதற்கு அப்புறம்தான். கேசவன் பெயர் எதிலும் வரவில்லை.

"ஐயா, இவனையும் ஏத்துங்க" என்றேன் கேட்டில் நின்ற ஜெயிலரிடம்.

"பேப்பர்ல ஒரு பேருதான் கீது" என்றார் வழிக்காவல் போலீஸ்காரர்.

"இவனுக்கு வேற வழிக்காவல் கேட்டிருக்கேன்யா. ஈசிஆர்ல விஐபி வர்றாங்களாம், மூணு மணிக்குத்தான் அனுப்புவாங்க" என்றார் ஜெயிலர்.

கேட்டுக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். "அப்ப நான் ஏற மாட்டேன். இங்கியே சாவப் போறேன்."

"எப்போ?" என்றார் ஜெயிலர். பஸ் டைம் கேட்பது மாதிரியே இருந்தது.

"பதினோரு மணிக்கு. கேசவன் ஐயா ஷிஃப்டு ஒரு மணிக்குத்தான முடியுது?"

கேசவன் பதறிவிட்டார். "இன்னாயா பேஜாரு பண்ற? வர்ற மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிகீறேன்யா!"

"பத்திரிகை வெய்யுங்க, இருந்தா வர்றேன்" என்று சொல்லி இருமத் தொடங்கினேன். இத்தனை மாதம் பழகிய இருமல் அத்தனையும் அன்றைக்கு வெளியே வந்தது. நெஞ்சைப் பிடித்தேன், கண்ணைச் செருகினேன். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

"ஐயா, அவன் ஒண்ணு, நான் ஒண்ணு. ஒரே நாள்ல ரெண்டு. மேஜிஸ்ட்ரேட்டு வந்தா இந்த வாட்டி எல்லாத்தையும் சொல்லிருவேன்."

"நீதான் செத்துருவியே, எப்படிய்யா சொல்லுவே?"

"அப்ப சாவாம இருந்து சொல்றேன். உங்களுக்கு எது வசதி?"

ஜெயிலர் என்னைப் பார்த்தார், ஏசுதாஸைப் பார்த்தார். அவன் உதடு வெளுத்திருந்தது. காகிதத்தைப் பிடுங்கி, என் பெயர்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஏசுதாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேர் அவனைத் தூக்கினார்கள், வண்டி கிளம்பியது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவ்வளவுதானா? ஒரே ஒரு கோடா? ஐப்பசியில் நான் இப்படித் தரையில் உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்ததா? விம்மி விம்மி அழுதேன். கேசவன் நெஞ்சுவலி முற்றிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்.

அரை மணி பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றாராம் டாக்டர். ஏசுதாஸுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

அடுத்த வாரம் எனக்குப் பரிசோதனை நடந்தது. "இதயம் குதிரை மாதிரி இருக்கு. பீடியை விடுங்க" என்று எழுதியே கொடுத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். மறுநாள் பால் நின்றது, முட்டை நின்றது, ஃபேனும் போனது. நான் இருமினால் கேசவன் தலையைக்கூடத் திருப்புவதில்லை. "பீடி, பீடி" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார்.

பதினோரு நாள் கழித்து ஏசுதாஸ் திரும்பி வந்தான். இப்போது பாலும் முட்டையும் அவனுக்கு. மஞ்சள் கருவைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை என் கையில் வைத்தான். "நைனா, இது உனுக்கு. துன்னு."

வாயில் போட்டேன். இறங்கவில்லை. இந்த முட்டை இந்தச் சிறைக்குள் வந்ததே ஜெயக்குமார் செத்ததால்தான். தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, அந்தப் பக்கமாக வந்த கேசவனைக் கூப்பிட்டேன்.

"ஐயா, ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வேணும்."

"இன்னாத்துக்கு?"

"மேஜிஸ்ட்ரேட்டுக்கு எழுதணும். ஐப்பசில கண்ணு தெர்லன்னேன் இல்ல, இப்ப நல்லாத் தெரியுது."

முட்டை நின்றதற்கப்புறம் முதல் தடவையாகக் கேசவன் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பெருசு, ஒடம்பு இப்ப எப்படி கீது?" என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. நான் இருமவே இல்லை.