கூட்டத்திலிருந்து வெளியே போனவள்

1

இது என் தங்கை சொன்ன கதை. தொண்டு நிறுவனம் ஒன்றில் களப்பணியாளர் அவள். கிராமத்தில் எது வந்தாலும் ஊர்க்காரர்களே கூடிப் பேசி முடிவெடுக்க வைப்பதுதான் வேலை. நான் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"தாகத்தில் தவித்த அந்த ஊருக்கு விடிவெள்ளியாய் அவள் வந்து..."

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "விடிவெள்ளியாக்கா? பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சறுக்கி விழுந்தேன். அதை எழுது."

எழுதிவிட்டேன்.

2

மேட்டுத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போக வேண்டும். வழியில் தையல்காரியின் கொல்லை, அதில் ஓர் எலுமிச்சை மரம். கொல்லையைத் தாண்டியதும் முதல் வீடு அவளுடைய ஓரகத்தியுடையது. இருவருக்கும் பேச்சு அறுந்து பல வருடம். (காரணம் தங்கைக்கும் தெரியாது. நானாக ஒன்றை இட்டுக்கட்டினேன், சகிக்கவில்லை, அடித்துவிட்டேன்.)

பள்ளி வகுப்பறையில் ஊர்ப் பெண்களின் கூட்டம். ஆளுக்கொரு மூலையில் இருவரும்.

"மேடம், என் கொல்லையில கடப்பாரை விழக்கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"அவங்க கொல்லை யாருக்கு வேணுமாம்? கேளுங்க மேடம்."

நடுவில் தங்கை, தபால்காரி மாதிரி.

அன்று முடிவாகாவிட்டால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும். இன்னொரு கோடை முழுக்க மேட்டுத் தெரு குடம் சுமக்கும். அலுவலகத்திலிருந்து மேலாளர் கூப்பிட்டார்: "நீயே பேசி முடிச்சிடும்மா."

3

"அவள் எழுந்தாள். கண்கள் பனிக்க அவள் பேசிய பேச்சில் அறையே..."

இந்த வரியையும் தங்கை விடவில்லை. "பேசத்தான் வாயெடுத்தேன். ஆனா நான் பேசி முடிச்சா அது என் குழாய் ஆயிடும், அக்கா. நாளைக்கு உடைஞ்சா என்னைத்தான் தேடுவாங்க."

அதனால் அவள் செய்தது இவ்வளவுதான். "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனாள். யாரிடமும் பேசவில்லை. சுவரோரம் நின்றாள்.

 உள்ளேயிருந்து தையல்காரியின் குரல்: "மேடம் எங்க?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஓரகத்திக்குப் பொறுக்கவில்லை. "வெளிய போயிருக்காங்க."

"உன்னையா கேட்டேன்?"

"வேற யாரு பதில் சொன்னா?"

அப்புறம் கூரை பறக்காத குறை. பழைய கோபமெல்லாம் வரிசைகட்டி வந்தது. பெண்கள் கட்சி பிரிந்தார்கள். திட்டு ஒன்று எசகுபிசகாக விழ, யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள், சிரிப்பு பரவியது. அது அடங்கியபோது ஒரு குரல்:

"எலுமிச்சை வேருல அடி படாம கொண்டு போக முடியுமா?"

"ஏன் முடியாது? சுவரோரமா வளைச்சா போச்சு."

(யார் கேட்டது, யார் சொன்னது? வெளியே நின்றவளுக்குப் பிடிபடவில்லை. கோபம் வடிந்ததும் குரல்கள் அடையாளம் தெரியாமல் போய்விட்டன.)

4

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், சினிமா. இன்னொன்றில் குழாய் ஊரைச் சுற்றிப் போனது; அதுவும் ஒட்டவில்லை.

நடந்தது இது. தங்கை திரும்பி வந்தபோது எல்லாரும் தரையில் வரைந்த தெருப் படத்தின் மேல் குனிந்திருந்தார்கள். குழாய்க்கான சாக்பீஸ் கோடு கொல்லைச் சுவரோரம் வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஓரகத்தியின் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கிய தையல்காரி, "இன்னும் தள்ளிப் போடணும்டி" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்:

"மேடம், கொஞ்சம் நகருங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

தங்கை நகர்ந்துகொண்டாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், சொல்வதாக இல்லை; நான் சொன்னால் அது என் குழாய் ஆகிவிடும். கோடு இன்னும் தெருவை எட்டவில்லை. குழாயை யார் வாசலில் நிறுத்தலாம், நீங்களே சொல்லுங்கள்.