குடலுக்குள் நம் அத்தை

நான்தான் சின்னவன். வயது இருபத்து மூன்று. ஆய்வகத்தின் பின்பக்க மாடிப்படியில் உட்கார்ந்து போனிடம் பேசுகிறேன், அது எழுதி வீட்டுக்கு அனுப்பும். அம்மா, பதறாதே, சாப்பிட்டுவிட்டேன்.

இன்றோடு மூன்று மாதச் சோதனைக் காலம் முடிந்தது. தேறினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை முன்பே சொல்லியிருந்தால் அக்கா ஊரெல்லாம் பறையடித்திருப்பாள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

என் வேலை தெரியும்தானே? நோயாளியிடமிருந்து எடுத்த திசுத் துண்டை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது. போன வாரம் சிறுகுடல் வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் வரிசையாக வெள்ளை ஓட்டைகள். நான்தான் கிழித்துவிட்டேன் என்று நினைத்தேன். கத்தியை மாற்றிச் சீவினேன். மறுபடியும் ஓட்டை. இப்படிப் பன்னிரண்டு கண்ணாடிகளைக் குப்பையில் போட்டேன்.

ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"தம்பி, அது ஓட்டை இல்ல. உள்ள சளி மாதிரி வழவழப்பு இருக்கு. இந்தச் சாயம் அதுல பிடிக்காது, அவ்வளவுதான். சிறுகுடல்ல எது எது என்ன சுரக்குதுன்னு படிச்சிட்டு வாங்க. கடைசி நாள் கேப்பேன்."

புத்தகத்தில் இருந்த பெயர்கள் எதுவும் மண்டையில் ஏறவில்லை. அதனால் உங்களை எல்லாம் உள்ளே உட்காரவைத்தேன். வழவழப்பைச் சுரந்து எதையும் சுவரில் உரசாமல் நழுவவிடும் செல் அத்தை. நம் வீட்டில் எந்தச் சண்டையையும் அப்படி நழுவவிடுவது அத்தைதானே. சோறு இறங்கியதுமே ரத்தத்தில் சேதி அனுப்பி, பித்தப்பையையும் கணையத்தையும் விரட்டி வேலை வாங்கும் செல் அக்கா. வயிற்றிலிருந்து பொங்கி வரும் அமிலத்தைத் தணிக்கும் சுரப்பி அம்மா. குடல் சுவரில் இருக்கும் குழியின் அடியில் சிவப்பு மணிகளோடு உட்கார்ந்து கிருமிகளைக் கொல்வது அப்பா. கை கழுவாமல் அவரைத் தாண்டி யார் போயிருக்கிறார்கள்?

இன்று டாக்டரம்மா வெள்ளை ஓட்டையைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பதற்றத்தில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"அத்தை."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலை மாற்றாமல் கேட்டார்.

"சரி, அத்தை வேலைக்கு வரலன்னா?"

"கிருமியெல்லாம் நேரா சுவருக்கே வந்துடும், மேடம். அப்பா மட்டும் தனியா சமாளிக்க முடியாது."

வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார், அக்காவையும் அம்மாவையும் பற்றிச் சொன்னேன். கடைசியில் குழியின் அடியைக் காட்டினார்.

"அப்பாங்களுக்கு நடுவுல ஒல்லியா ஒண்ணு நிக்குதே, அது யாரு?"

அது எதையும் சுரக்காது. பிறகுதான் அத்தையாகவோ அக்காவாகவோ ஆகும். அதுவரை அப்பாதான் பக்கத்திலிருந்து காப்பாற்றுகிறார். படித்திருந்தேன், ஆனால் அதற்கு மட்டும் யார் பெயரையும் வைக்கவில்லை.

"அது நான்தான், மேடம். இன்னும் ஒண்ணும் ஆகல."

டாக்டரம்மா காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வாங்க. அந்தப் பன்னெண்டையும் மறுபடி சீவணும்."

வேலை கிடைத்துவிட்டது. இதை யார் வாசித்துக் காட்டினாலும் சரி, சளி என்று வரும் இடத்தை அத்தை காதில் விழாமல் தாண்டிவிடுங்கள்.