பேசி முடித்த ஆறு மாதம்

முப்பத்தைந்து டாலர், வரி தனி... குட்டி ஒரு ராத்திரி வலிப்பு வராமல் தூங்குவதற்கு எவனோ விலை ஒட்டிவிட்டான், தம்பி போனை வைத்த பிறகும் அந்தத் தொகை அவள் காதை விட்டு இறங்கவில்லை. கூட்ட அறைக்கு வெளியே நடைவழியில் நின்றாள், காகிதக் கோப்பையில் தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது, கதவுக்குப் பின்னால் நாற்காலிகள் இழுபட்டன, இப்போது செயலர் கூப்பிடுவார், போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அதில் என்ன தயக்கம், காலையில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள்தானே... அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக் கட்டுரையை வெளிவந்து எத்தனை மாதம் கழித்து ஜனங்கள் இலவசமாகப் படிக்கலாம் என்பதுதான் பேச்சு. பதிப்பகத்துக்காரர் பன்னிரண்டு என்றார், துறையின் சார்பில் இவள் மூன்று என்றாள், அவர் சிரித்தார், இவளும் சிரித்தாள், ஜவுளிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவளுக்கு அந்தச் சிரிப்பு புரியாதா, எழுந்து போகிறவள் மாதிரி ஃபைலை மூடினாள், மனிதர் ஆறில் வந்து நின்றார். "மேடம், உங்க தெருப் பக்கம் வியாபாரிங்க வர்றதே இல்லையாமே" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அவளுக்கும் உச்சி குளிர்ந்ததே, இல்லையென்று சொல்ல முடியுமா?

அப்புறம்தான் தம்பி கூப்பிட்டான். அப்பாவின் கடை இப்போது அவனிடம், குட்டி அவன் மகள். "அக்கா, மருந்தைக் கூட்டலாமா நிறுத்தலாமான்னு ஒரு கட்டுரைல இருக்காம், டாக்டர் அது பேரை எழுதிக் குடுத்தார், அவங்க ஆஸ்பத்திரில அதைத் திறக்க முடியலையாம். சரின்னு நானே வாங்கினேன். உள்ள போனா, அளவு விவரத்துக்கு இன்னொரு கட்டுரையைப் பாருங்கறான், அதுக்கும் முப்பத்தஞ்சு. சட்டையை வித்துட்டு பட்டனுக்குத் தனி விலை சொல்றான்க்கா." எழுதினவங்களுக்கா போகுது காசு என்று கேட்டான். இல்லடா என்றாள். "அப்ப ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவங்களுக்கா?" அது நாங்கதான்டா, அரசாங்கம், என்றாள். "அப்ப நானும்தானே போட்டிருக்கேன். என் துணியை எனக்கே விக்கிறான், அவன்கிட்ட போய்த் தொழில் கத்துக்கணும்." சிரித்தான், சிரிப்பு முடிவதற்குள், "நேத்து ரெண்டு தடவை வந்துச்சுக்கா" என்றான்.

எழுதியவருக்கு மடல் போட்டால் அனுப்பிவைப்பார், இல்லையென்றால் இவளே பணம் கட்டி வாங்கி அனுப்பலாம், அது ஒன்றும் பெரிய காரியமில்லை... துறையில் அக்கா இல்லாத வீட்டுக்கு? அந்த இரண்டாவது கட்டுரை வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, இவள் அடித்துப் பிடித்து வாங்கிய ஆறுப்படி பார்த்தால் இன்னும் நாலு மாதம், நாலு மாதத்தில் வலிப்பு அந்தச் சின்னத் தலையை என்னவெல்லாம் செய்யும்... பதிப்பகத்துக்காரர் திருடரா, இல்லை, அவரும் பிழை பார்க்கிறவர்களுக்குச் சம்பளம் போட வேண்டியவர், முகம் பார்த்துப் பேசினவர், கை கொடுத்தாயிற்று. கை கொடுத்த பிறகு விலையை மாற்றுகிறவனை அப்பா கடைப்படி ஏற விட்டதில்லை, நஷ்டம் என்று தெரிந்தும் சொன்ன விலைக்கே கட்டிக் கொடுத்திருக்கிறார், அந்த வீட்டுப் பெண் போய்ப் பேச்சு மாறுவதா... ஆனால் அப்பா எதற்குப் பேரம் பேசினார்? வாங்கப் போகிற சரக்குக்கு. காசு கட்டின மூட்டை லாரி செட்டில் கிடந்தால் நேரே போய் ஏற்றிக்கொண்டு வருவார், அதற்கு அவர் விலை கேட்டு இவள் பார்த்ததே இல்லை. காலையில் இவள் உட்கார்ந்து குறைத்துப் பேசியது எந்த மூட்டைக்கு?

கதவு திறந்தது. "வாங்கம்மா, எல்லாரும் போட்டாச்சு, நீங்கதான் பாக்கி" என்றார் செயலர். மேஜையில் தாள் இவள் பக்கம் திரும்பியிருந்தது, பதிப்பகத்துக்காரர் தம் பேனாவையே மூடி கழற்றி நீட்டினார், நல்ல மனிதர். வாங்கிக்கொண்டாள், முள் தாளைத் தொட்டது, "ஒரு நிமிஷம் சார்" என்று தன் குரலே கேட்டது, அடுத்து என்ன சொல்லப்போகிறாள், அவளுக்கே தெரியவில்லை, எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்... கேட்டது பன்னிரண்டு, இவள் தள்ளியது ஆறு, மிச்சத்தைத் துறை விட்டுக்கொடுக்கிறது என்றல்லவா இதுவரை நினைத்திருந்தாள், விட்டுக்கொடுக்கப் போகிறவர்கள் தம்பி மாதிரி வெளியே காத்திருக்கிறவர்கள், அவர்களில் ஒருத்தர்கூட இந்த அறையில் இல்லையே, அவர்கள் கணக்கில் வரவு ஒன்றுமில்லை, நிலுவை ஆறு மாதம்.