பாறைக்குச் சிவப்புப் பூ

கம்பியே இல்லாமல் கம்ப்யூட்டர்களைப் பேசவைப்பது எப்படி என்று ஹேமலதா வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அப்படிப்பட்டவளின் டாக்டர் பட்டம், 2003இல், கொல்லிமலையில் ஒரு இலைப் பொட்டலத்துக்குள் மாட்டிக்கொண்டது.

அந்த மலையின் குண்டூர் நாட்டுப் பகுதியில், விளிம்பில் ஒரு பாறை. ஏறி நின்றால் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் அவள் அப்பா வீட்டு மொட்டைமாடி வரைக்கும் தெரியும். பாறையில் ஒரு ஆன்டெனா, மாடியில் ஒரு ஆன்டெனா வைத்தால் சிக்னல் ஓடிவிடும், தீசிஸும் முடிந்துவிடும். முடிந்தே ஆகவேண்டும். வழிகாட்டி அருணாசலம் சார் வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆனால் பாறை அம்மனுடையது.

“பூக் கேட்டுத்தான் ஆகோணும் கண்ணு,” என்றார் பூசாரி சென்றாயன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு ஹேமலதாவே எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மரவள்ளிக் காட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த மாதம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

“பாறை வேண்டாம்னுதானுங்க சொல்லீருக்கா? ஆராய்ச்சியே வேண்டாம்னா சொன்னா? எங்கூட்டுப் பலாமரத்துக்குக் கேளுங்க.”

கேட்டார்கள். வெள்ளை!

ஹேமலதாவைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். பலாமரத்திலிருந்து பார்த்தால் அதே பாறைதான் குறுக்கே நின்று ஊரை மறைத்தது. சிக்னல் என்ன, பாறையைக் குடைந்துகொண்டா போகும்? அம்மன்மேல் வந்த கோபத்தை மாதம்மாள் போட்ட களியின்மேல் காட்டினாள்.

வயிறு நிறைந்ததும் மூளை வேலை செய்தது. நேராகப் போகாவிட்டால் சுற்றிப் போகட்டுமே! பாறைக்கு இடப்பக்கம் சில்வர் ஓக் மரத்தில், சிக்னலை வாங்கி அனுப்பும் ஒரு பெட்டி; வலப்பக்கம் பள்ளிக்கூடக் கூரையில் இன்னொரு பெட்டி. ஒரு வழி அடைபட்டால் பெட்டிகளே அடுத்த வழியைத் தேடிக்கொள்ளும்படி புரோகிராமை மாற்றினாள். சொல்வது எளிது. அது ஒழுங்காக ஓடுவதற்குள் அவள் திட்டாத சாமி இல்லை.

கடைசியில் பலாமரத்தடியில் லேப்டாப்பை வைத்து மைக்கில் கூப்பிட்டாள். “சார், கேக்குதுங்களா?”

“பக்கத்துல நின்னு பேசறாப்புல கேக்குதும்மா!” பரிசோதனைக்காக அப்பா வீட்டு மொட்டைமாடிக்கு வந்திருந்த அருணாசலம் சார் குரல். “எந்த வழியா வருது?”

“பள்ளிக்கூடத்து வழியா சார். காத்துல சில்வர் ஓக் ஆடுது, சிக்னல் தானாவே வழிய மாத்திக்கிச்சு.”

இணைப்பு அறுந்துவிடக்கூடாதே என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஹேமலதா,” என்றது குரல். “நேரா வந்திருந்தா, அது ஏற்கெனவே நாலு பேர் செஞ்சதுதான். மனசில்லாமத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். இது உன்னோடது. இன்னிக்கே எழுத ஆரம்பி. கையெழுத்துப் போடாம நான் ரிட்டயராகி வீட்டுக்குப் போகமாட்டேன்.”

ஹேமலதா மைக்கை அப்படியே போட்டுவிட்டு மலை விளிம்புக்கு ஓடினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, சமவெளியைப் பார்த்து, “சார்ர்ர்!” என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். பின்னாலேயே ஓடிவந்த மாதம்மாள், என்ன ஏது என்று கேட்காமல், தானும் சேர்ந்து கத்தினாள்.