ரப்பர் பால் பூசிய பத்திரிகைகள்

மலாக்கா கடைத்தெருவில் அரை விலைக்கு வாங்கிச் சேர்த்த பழைய துப்பறியும் கதைப் பத்திரிகைகளைக் குஞ்சம்மா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். ரப்பர் மரங்களில் பால் வெட்டி முடித்து வந்து அதைத் திறந்தால், கொஞ்ச நேரத்துக்கு அவள் யாருக்கும் மனைவியில்லை, எந்தத் தோட்டத்துக்கும் கூலியில்லை.

"நீ காகிதத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம்லா" என்று புருஷன் காளிமுத்து கேலி செய்வான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

அடைமழையில் பக்கங்களில் பூஞ்சை பிடித்தது. அவள் அவற்றைத் துடைத்துக்கொண்டே அழுததை அவன் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் அவள் வேலைவிட்டு வந்தபோது, டின்னை ஏந்திக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"மழைக்குப் போத்துற சாக்குக்குப் பூசுற மாதிரி ரப்பர் பால் பூசிட்டேன் புள்ள. ஒரு பக்கம் விடல. இனிமே ஈரம் அண்டாது."

எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிப் போயிருந்தது. நகத்தால் பிரித்துப் பார்த்தாள். காகிதம் கிழிந்து நகத்தோடு வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்காக அவன் யோசித்துச் செய்த முதல் காரியம் அது. அவளால் திட்டக்கூட முடியவில்லை.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அடுத்த தடவ வாங்கினதும் கொடு, அதையும் பூசிடறேன்."

சரியென்று தலையாட்டி டின்னை மூடினாள். இனி வாங்கப்போவதில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.