அம்மாக்கண்ணுவின் கோஸ் ஜாடி

சனிக்கிழமை காலையில் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ஞானசுந்தரம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் நல்ல சேதி வராது என்பது தோட்டத்துக்கே தெரியும்.

"கத்தரீனு, சயாம் லிஸ்ட் வந்துருச்சு. உன் புருஷன் கிளாரன்ஸ் பேரு இருக்கு. திங்கக்கிழமை லோரி."

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் அது. ரயில் பாதை போட ஜப்பான்காரன் மலாயாவிலிருந்து சயாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். எங்கள் தோட்டத்திலிருந்து போன ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. என் புருஷனோ சளி பிடித்தாலே படுத்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிற மனுஷன்.

"ஒரு வழி இருக்கு லா," என்று கிராணியே சொன்னார்.

பினாங்கிலிருந்து ஒரு ஜெர்மன் கப்பல் அதிகாரி காய்ச்சலோடு வந்து பங்களாவில் தங்கியிருந்தாராம். பத்து நாளாய்க் கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. கூட்டாளி நாட்டு விருந்தாளி தன் வீட்டில் பட்டினி கிடந்து செத்தால் தோட்டத்தை நடத்தும் ஜப்பான் துரைக்குத் தலைகுனிவு.

"நீதான் முந்தி ஜெர்மன் எஞ்சினியர் வீட்டுல சமைச்சவளாச்சே. அவங்க ஊரு சாப்பாட்டை ஆக்கிப் போடு. ஆளு சாப்பிட்டுட்டா, சமையக்காரிக்கு வெறகு வெட்ட புருஷன் வேணும்னு துரைகிட்ட நான் பேசுறேன்."

யுத்தத்துக்கு முன்னால் மூன்று வருஷம் அந்த எஞ்சினியர் வீட்டில் இருந்தேன். சாசேஜும் புளித்த கோஸும் செய்ய அவர் மனைவிதான் எனக்குக் காட்டிக்கொடுத்தார். சாசேஜ் எனக்குப் பெரிய வித்தையில்லை. பங்களாப் பன்றியை அறுத்தார்கள். குடலை உள்புறம் வெளியே வரத் திருப்பி, பங்களாவில் கொடுத்த உப்பும் புளியும் தேய்த்து, ஓடையில் கை விறைக்க விறைக்க அலசினேன். இறைச்சியைக் கொத்தி, மிளகு, பூண்டு, ஜாதிக்காய் போட்டுப் பிசைந்து, புனல் வைத்துத் திணித்துக் கட்டினேன்.

கோஸ்தான் காலை வாரியது. சீவிய கோஸை உப்பில் பிசைந்து, ஜாடியில் அமுக்கி, மேலே கல்லை வைத்தால் அது புளிக்க மூன்று வாரமாவது வேண்டும். எனக்கு இருந்தது ஒரே ஒரு நாள். உப்பு கிடைக்காமல் என் ஜாடி மாசக்கணக்கில் காலியாகக் கிடந்தது. தோட்டத்தில் புளித்த கோஸ் இருந்த ஒரே வீடு, பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவின் வீடு. அவளோடு நான் இரண்டு மாசமாய்ப் பேச்சில்லை.

குற்றம் என்னுடையதுதான். கோஸ் போட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான். அவளோ அதை நம் ஊறுகாய் மாதிரி நினைத்து, கையிலிருந்த கடைசி உப்போடு மஞ்சளும் மிளகாயும் போட்டுக் கடுகையும் தாளித்துக் கொட்டிவிட்டாள். "இதப் பன்னிகூடத் திங்காது" என்று லயமே கேட்கக் கத்தினேன். அவள் புருஷன் சிங்காரத்தைச் சயாமுக்குக் கொண்டுபோய் அப்போது ஒரு மாசம்கூட ஆகவில்லை. வாய்க்கொழுப்பு, வேறென்ன?

அவள் வாசலில் போய் நின்றேன். அழுகைதான் வந்தது. லயத்துச் சுவர் மெல்லிசு, கிராணி சொன்னதெல்லாம் அவளுக்கும் கேட்டிருந்தது. உள்ளே போய் ஜாடியைத் தூக்கி வந்து என் கையில் வைத்தாள்.

"முழுசாவா குடுக்குற? மரவள்ளிக்கு எதைத் தொட்டுக்குவ?"

"சும்மா தின்னுக்குறேன்க்கா. எங்க வீட்டாளு போனப்ப எந்த வழியும் இல்ல. உனக்கு ஒண்ணு இருக்குல்ல, ஓடு."

குழாயடியில் மூன்று முறை கழுவினேன். மஞ்சள் பாதி போனது. கடுகு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கழுவிய கோஸை வெங்காயத்தோடு பன்றிக்கொழுப்பில் வதக்கி, சிறு தீயில் மூடி வைத்தேன். சாசேஜைக் கொதிக்காத வெந்நீரில் வேகவிட்டேன், கொதித்தால் வெடித்துவிடும். பிறகு சட்டியில் புரட்டிச் சிவக்க எடுத்தேன்.

ஞாயிறு மதியம் பரிமாறிவிட்டு, கிராணியும் நானும் கதவிடுக்கில் நின்றோம். ஜெர்மன்காரர் எலும்பும் தோலுமாக இருந்தார். சாசேஜில் ஒரு துண்டு வெட்டி மெள்ள மென்றார். பிறகு கோஸை வாயில் வைத்தார். முகம் சிவந்தது, இருமினார், கண்ணில் தண்ணீர் முட்டியது. முள்கரண்டி நுனியில் ஒரு மிளகாய்த் துணுக்கை எடுத்துப் பார்த்தார். ஜப்பான் துரை நாற்காலியை விட்டு எழுந்தார். கிளாரன்ஸ் லோரியில் ஏறிவிட்டான் என்றே நினைத்தேன்.

மனிதர் அந்த மிளகாயையும் வாயில் போட்டுக்கொண்டார். தட்டை நெருக்கமாக இழுத்தார். பத்து நாள் காய்ச்சலில் செத்துக் கிடந்த நாக்கு, உறைப்பு பட்டதும் முழித்துக்கொண்டது போலும். இரண்டாவது தட்டும் கேட்டார்.

சாப்பாடு முடிந்ததும் கிராணி துரையிடம் பேசிவிட்டு வந்தார். என் கண் முன்னாலேயே லிஸ்ட்டை விரித்து, கிளாரன்ஸ் பேரின் மேல் பென்சிலால் கோடு போட்டார். எனக்கு வேறென்ன வேண்டும் என்று ஜெர்மன்காரர் கேட்கச் சொன்னாராம். "உப்பு," என்றேன். ஒரு டின் நிறையக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை லோரி போனது. அதில் போனவர்களை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பங்களாவுக்குப் பின்னால் கிளாரன்ஸ் விறகு வெட்டும் சத்தத்தைக் கேட்டு, அடுப்படியில் முழங்கால் போட்டு அழுதேன்.

அன்று சாயங்காலமே உப்பு டின்னோடு அம்மாக்கண்ணு வீட்டுக்குப் போனேன். கிளாரன்ஸ் பின்னால் நான்கு கோஸைச் சுமந்து வந்தான்.

"சாப்பிட்டாராக்கா?"

"ரெண்டு தட்டு. நான் கழுவுனேன்டி, உன் மிளகாய் போக மாட்டேன்னுடுச்சு. அதுதான் அவரைத் திங்க வச்சுச்சு. என் புருஷன எனக்குக் குடுத்தவ நீதான். நான் பேசுன பேச்ச மன்னிச்சுரு."

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். டின்னைத் திறந்து, உப்பை மூன்று பங்காகப் பிரித்தாள்.

"இது உனக்கு. இது எனக்கு. இது அவரு வந்தா."

மூன்றாவது பங்கைத் துணியில் முடிந்து பரணில் வைத்தாள். நாங்கள் மூவரும் உட்கார்ந்து கோஸ் சீவினோம். ஜாடியில் அமுக்கும் நேரத்தில் அவள் மிளகாயைக் கையில் எடுத்து, என் முகத்தைப் பார்த்தாள்.

"போடுடி," என்றேன். "நிறையப் போடு."