தானாக நின்றுவிடும்

ஆவணி அமாவாசை அன்று குமரகுரு தறியில் இறங்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் அமாவாசைக்கு யாரும் தறியைத் தொடுவதில்லை. மற்ற நாட்களில் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டே இருக்கும் சத்தம் அன்று இருக்காது. காதில் தண்ணீர் புகுந்தது போலத் தெரு கிடக்கும். குளித்து, விபூதி பூசி, இட்லி தின்றுவிட்டு அவர் சின்ன அறையின் வாசலில் வந்து நின்றார். சுவரில் மாட்டியிருந்த வெள்ளை நெட் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். அதில் பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் எரியுது," என்றார்.

"எரியுது," என்றாள் மனைவி தில்லையம்மாள்.

"இன்னிக்குத்தானே கடைசி நாளு?"

"இன்னிக்குத்தான்."

"காலையிலயா, சாயந்தரமா?"

"அதெல்லாம் போடல."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். வேலை இல்லாத நாள். விளக்கு அணைவதைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை தில்லையம்மாளுக்குப் பிணைப்பு வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீரும்போது கடைசி முழத்தை அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். அந்த இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழை. பதினாறு வயதிலிருந்து அந்தத் தெருவில் பாதி வீட்டுத் தறிகளை அவள்தான் பிணைத்தாள். இழையின் நுனியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அன்னமும் யாளியும் எங்கிருந்து வந்து புடவையில் ஏறுகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ஆறு மாத வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கரையும் முந்தியும் வரையக் கற்றுக்கொண்டாள். வரைந்ததை அனுப்ப வீட்டுக்கு நெட் வேண்டியிருந்தது.

அந்தச் சின்ன அறையில் குமரகுரு இரண்டாவது தறி போடுவதாக இருந்தார். மரமெல்லாம் வாங்கி, பழைய புடவை சுற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாயிற்று. நெய்கிறவர் கால் இறக்கி உட்காரக் குழி தோண்டுவதுதான் பாக்கி. அந்த நேரத்தில் இவள் வந்து கேட்டாள். நெட் கம்பெனியின் ஒப்பந்தம் இரண்டு வருஷம் என்று தெரிந்ததும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"ரெண்டு வருஷம் நீ பண்ணு. நெட்டு முடிஞ்சதும் மேசைய எடுத்துட்டு இங்க தறி போட்டுடலாம்."

அவளும் தலையாட்டினாள். அன்றைக்கு இரண்டு வருஷம் மிகவும் நீளமாகத் தெரிந்தது.

ஒப்பந்தம் என்றால் குமரகுருவுக்குப் பாவு மாதிரி. மூன்று புடவைக்குப் பாவு போட்டால் மூன்று புடவை நெய்ததும் இழை தீரும், தறி நிற்கும். போதும் நில் என்று யாரும் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவர் கம்பெனிக்குப் போன் செய்யவில்லை. அவளைச் செய்யவும் சொல்லவில்லை.

சாயந்தரம் ஆயிற்று. நாற்காலியிலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். விளக்கு எரிந்தது.

"மெதுவாத்தான் நிக்கும் போல," என்று எழுந்து போனார்.

தில்லையம்மாள் மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்குக் கிளம்பும் விருந்தாளியை வழியனுப்புவது போல அந்த விளக்கை வழியனுப்பக் காலையிலிருந்தே தயாராக இருந்தாள். முடித்த வரைபடங்களை அனுப்பிவிட்டாள். மேசையைக்கூடத் துடைத்துவிட்டாள். விளக்கு போகவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, திருட்டு வெல்லம் வாயில் போட்ட பிள்ளை மாதிரி, சத்தம் காட்டாமல் குதித்தது. இது என்ன சந்தோஷம் என்று அவளே உள்ளே எட்டிப் பார்த்தாள். விட்டுக்கொடுத்துவிட்டோம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்?

அடுத்த நாளும் எரிந்தது. அதற்கடுத்த நாளும். குமரகுரு தினமும் தறியில் இறங்குவதற்கு முன் எட்டிப் பார்த்தார்.

"உன் கம்பெனிக்காரன் மறந்துட்டானா இன்னா?"

"தெரியலையே."

"சரி, வர்ற வாரத்துக்கு அடுத்த வியாழன் நாள் நல்லா இருக்குது. சத்யராஜ் கடப்பாரையோட வரேன்னுட்டான். அதுக்குள்ள நின்னுடும்."

சத்யராஜ்தான் இரண்டாவது தறியில் நெய்யப்போகிறவன். தாமல் கிராமத்திலிருந்து தினமும் வண்டியில் வந்து வேறொரு வீட்டில் நெய்துகொண்டிருந்தான்.

ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி அவளை விடவில்லை. அரிசி களையும்போதும் வந்து நின்றது, கட்டம் போடும்போதும் வந்து நின்றது. நான்காம் நாள் ஓரிக்கை ரோட்டிலிருந்த கம்பெனி ஆபீசுக்கே போனாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு கையெழுத்து வாங்கிய நதியாதான் இப்போதும் அந்த மேசையில் இருந்தாள்.

"வாங்கக்கா. இன்னா, ஸ்பீடு வரலையா?"

"வருது."

"அப்புறம்?"

"ஏன் வருதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

நதியா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நாலு வருஷமா இந்த சீட்டுல உக்காந்துக்கினு இருக்கேன். ஏன் வரலன்னு சண்டை போட வருவாங்க. ஏன் வருதுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"ரெண்டு வருஷம் முடிஞ்சிடுச்சேம்மா."

"முடிஞ்சிடுச்சு. நீங்க நிறுத்தச் சொல்லலையே?"

"முடிஞ்சா தானா நிக்காதா?"

"அக்கா, முடிஞ்சது லைன் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு எங்கள விட்டுப் போவக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு போட்டோமில்ல, அது முடிஞ்சுது. லைன் பாட்டுக்கு மாசா மாசம் ஓடும். வேணாம்னா முப்பது நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும்."

"எங்க வீட்டுக்காரரு எழுதிக் குடுத்தா?"

"செல்லாது. கையெழுத்து உங்களுது."

"நான் ஒண்ணுமே சொல்லாம இருந்தா?"

"ஓடிக்கினே இருக்கும்." நதியா இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "எதுக்கும் இத வெச்சுக்கோங்க. நிறுத்தறதுன்னா இத நிரப்பிக் குடுங்க. எல்லாத்தையும் நிரப்பணும். எதுனா விட்டா கம்ப்யூட்டர் வாங்காது."

ஷேர் ஆட்டோவில் அந்தத் தாளைப் படித்துக்கொண்டு வந்தாள். பெயர். எண். எந்தத் தேதியிலிருந்து. நான்காவதாக, காரணம். அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

கல்யாணத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு சைக்கிள் இருந்தது. பச்சை நிறம். அதில்தான் பிணைப்புக்குப் போவாள். கல்யாணம் ஆனதும் அது அம்மா வீட்டுப் பின்புறம் நின்றது. பிறகு எப்போதோ, யாருக்கோ கொடுத்தார்கள். ஓட்டாதே என்று இங்கே யாரும் சொன்னதில்லை. ஓட்டட்டுமா என்று அவளும் கேட்டதில்லை. அது எந்தத் தேதியில் நின்றது என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. அந்தத் தாளில் எழுத வேண்டுமென்றால் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பாள்? ஆட்டோ தெரு முனையைத் தாண்டிப் போய்விட்டது. இறங்கித் திரும்பி நடந்தாள்.

தாளை விசைப்பலகைக்கு அடியில் வைத்தாள். குமரகுருவிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதையும் ஒரு வேடிக்கை போலத் தனக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயமா? அவர் கத்துகிற ஆள் இல்லை. பொய்யா? அவர் கேட்டதற்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னாள். "நின்னுச்சா?" என்பார், "இல்ல," என்பாள். சொல்லாமலிருக்கிற வரை ஓடும் என்று நதியா சொன்னது இனித்தது. கூடவே உறுத்தவும் செய்தது. வாயைத் திறக்காததாலேயே கிடைத்த ஒன்றை என்னுடையது என்று எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை காலை சத்யராஜ் கடப்பாரையோடு வந்தான். எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் பையில் இருந்தன. குமரகுரு அறைக்குள் வந்து மேலே பார்த்தார்.

"இன்னாது, இன்னும் எரியுது? சரி, எரிஞ்சா எரியட்டும். சத்யராஜு, மேசைய ஒரு பக்கம் புடி."

"அது தானா நிக்காதுங்க," என்றாள் தில்லையம்மாள். "நான் எழுதிக் குடுத்தாத்தான் நிக்கும். ஆபீசுல போயிக் கேட்டேன்."

மேசையில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. "எப்பக் கேட்ட?"

"பத்து நாள் ஆவுது."

"ஏன் சொல்லல?"

"நின்னுச்சான்னுதான் கேட்டீங்க. ஏன் நிக்கலன்னு கேக்கலையே."

சத்யராஜ் கடப்பாரையைப் பார்க்க ஆரம்பித்தான். குமரகுருவின் முகம் சுருங்கியது. "சரி. இப்ப எழுதிக் குடு."

அவள் தாளை எடுத்து வைத்து, நின்றபடியே எழுதினாள். பெயர் எழுதினாள். எண் எழுதினாள். தேதிக்கு இடம் விட்டாள். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "காரணம் கேக்குது," என்றாள்.

"தறி போடறோம்னு எழுது."

"எடம் மாத்தணும்னா மாத்திக் குடுப்பாங்க. நிறுத்தறதுக்குக் காரணம் கேக்கறாங்க."

"தேவையில்லன்னு எழுது."

"யாருக்கு?"

அவர் தாளை எட்டிப் பார்த்தார். சத்யராஜ் உதவிக்கு வந்தான். "வேலை முடிஞ்சுபோச்சுன்னு எழுதுங்க, அண்ணி. ஆருன்னா வந்து பாக்கப் போறாங்களா?"

"முடியலையே, சத்யராஜ். முந்தி பாதியில நிக்குது."

"எது பாதியில நிக்குது?" என்று கேட்டபடி குமரகுரு மேசையைச் சுற்றி வந்தார். இரண்டு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. வாசலிலிருந்து பார்த்தால் அவளுடைய முதுகும் பச்சை விளக்கும்தான் தெரியும். இப்போது திரை முழுவதும் கட்டங்கள் இருந்தன. தள்ளி நின்று பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னமா?"

"ஆமா."

தறியில் இழை எண்ணுவது போல, திரையில் படாமல் விரலை ஓட்டினார். உதடு அசைந்தது. "இந்தக் கழுத்தாண்ட பாரு. ஜரிகை கட்டில்லாம நீளமா மிதக்குது. கட்டறவங்க வளையல்ல மாட்டும்."

"எங்க?"

"இங்க. நடுவுல ஒரு எடத்துல கட்டுப்போடணும்."

அவள் குனிந்து ஒரு கட்டத்தை நிரப்பினாள். அவர் பார்த்தார். "ம்," என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். "ரெக்கை நல்லா வந்துக்கிது."

சத்யராஜ் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். அந்தச் சத்தத்தில் இருவரும் நிமிர்ந்தார்கள்.

"நான் நிறுத்தல," என்றாள் தில்லையம்மாள்.

குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தாள். நடுங்கவில்லை. கடைக்காரனிடம் கால் கிலோ போதும் என்று சொல்வது போல வந்தது. இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப தறி?"

"தறியும் போடுங்க. இங்க வேணாம்."

"வேற எங்க போடறது? என் தலை மேலயா?"

சத்யராஜ் தொண்டையைச் செருமினான். "அண்ணே, எங்க வீட்டுப் பின்னாடி கொட்டாய் சும்மாத்தான் கெடக்குது. எங்கப்பா நெய்ஞ்ச குழிகூட அப்படியே இருக்குது. மண்ணு வாரினாப் போதும். நானும் தெனம் வண்டிய ஓட்டிக்கினு வர வேணாம்."

"அத ஏன்டா ரெண்டு வருஷமா சொல்லல?"

"இந்த ரூம்லதான் போடணும்னீங்க. வேற எடம் இருக்குதான்னு கேக்கலையே, அண்ணே."

குமரகுரு அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து சதி செய்ததாகவே அவருக்குத் தோன்றியிருக்கும். "ஆளாளுக்குக் கேக்கல கேக்கலன்றீங்க. என் வீட்ல நான் மனு போட்டுக் கேக்கணுமா?" என்று எழுந்தவர், மறுபடி ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் அங்க போட்டுப் பாப்பேன். சரிப்படலன்னா இங்கதான். அப்ப பேசக் கூடாது," என்றார்.

"ஒரு மாசம் ஆனதும் வந்து கேளுங்க," என்றாள் அவள். "தானா தெரிஞ்சிடும்னு இருந்துடாதீங்க."

"கேட்டா?"

"அப்பவும் இதத்தான் சொல்லுவேன்னு நெனைக்கிறேன். ஆனா கேளுங்க."

அவர் மரத்தின் ஒரு முனையைத் தூக்கினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோனார்கள். வாசலில் தட்டுவண்டி பிடிப்பதைப் பற்றி ஒரு வாக்குவாதம் கேட்டது. மரம் சாய்ந்திருந்த இடத்தில் சுவர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்பாக இருந்தது. அறை அவள் நினைத்திருந்ததைவிடப் பெரியது. மேசையை அந்தப் பக்கம் நாலு அடி இழுத்துப் போட்டாள். அங்கே ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது.

பாதி நிரப்பிய தாளை மடித்து இழுப்பறையில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து, அன்னத்தின் உடம்பில் வேறு எங்காவது ஜரிகை நீளமாக மிதக்கிறதா என்று கட்டம் கட்டமாக எண்ண ஆரம்பித்தாள்.